வரைபடம் என்னும் அமானிதம்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், தந்தையும் மகனுமாக இருவர் நம்மை நாடி வந்தனர். தந்தை ஸ்ரீபெரும்புதூரில் கதவும் சன்னலும் செய்யும் தச்சர். மகன் சிறுவயதில் நம்மிடம் ஓதியவன். இப்போது ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவன். மகன் கையில் சுருட்டிய தாள்கள் இருந்தன. தந்தை முகத்தில் கவலை இருந்தது.

"ஹஜ்ரத், இவன் ஆகாய விமானம் செய்யப் போகிறானாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து இந்தக் காகிதத்தை வாங்கியிருக்கிறான். வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும்" என்றார் தந்தை.

தாள்களை விரித்துப் பார்த்தோம். ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறியதொரு மரவிமானத்தின் வரைபடம் அது. ஒவ்வொரு சட்டத்தின் நீள அகலமும் கனமும், எதன்பின் எதைச் செய்ய வேண்டும் என்ற முறையும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. விமானக் கலையில் நமக்கு ஓர் எழுத்தும் தெரியாது. 'தெரியாது' என்று சொல்வது கல்வியில் பாதி என்பர் அறிஞர். எனவே அன்று தீர்ப்பெதுவும் கூறாமல், சில வாரம் தவணை கேட்டுக்கொண்டோம். அத்தவணையில் நாம் தேடிப் படித்ததன் சாரமே இக்கட்டுரை.

பல்லாவரத்தில் எழுந்த விமானம்

தேடத் தொடங்கியதும் நமக்கு முதல் வியப்புக் காத்திருந்தது. வீட்டுக் கைத்தொழிலாக விமானம் செய்வது வெள்ளையர் நாட்டு விளையாட்டு என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் ஒரகடத்திலிருந்து பேருந்தேறினால் சிறுபொழுதில் சென்றடையும் பல்லாவரத்தில், நூறாண்டுக்கு முன்னரே அது நிகழ்ந்துவிட்டது.

சென்னை மவுண்ட் ரோட்டில் மிட்டாய்க் கடையும் பின்னர் விடுதியும் நடத்தியவர் ஜாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்னும் ஐரோப்பியர். 1909 ஜூலை 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி உலகெங்கும் பரவியது. அந்த ஆர்வம் சென்னையிலும் பற்றிக்கொண்டது. டி ஆஞ்ஜெலிஸ் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் சென்னைச் சிம்ப்சன் கம்பெனியார். 1840இல் தோன்றிய இக்கம்பெனி சாரட்டு வண்டிகள் கட்டிப் பெயர்பெற்றது. 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பாரைக் கொண்டு நீராவி மோட்டார் வண்டி ஒன்றையும் அங்கே செய்திருந்தனர். வண்டிச் சட்டம் வளைக்கவும் மரத்தை இணைக்கவும் பழகிய கைகள்தாம் விமானத்தின் சிறகையும் செய்தன.

சிறிய எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்ட அவ்விமானம் பல்லாவரத்தில் சோதிக்கப்பட்டது. பின்னர் 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் பார்க்கப் பறந்து காட்டப்பட்டது. இந்திய மண்ணில் எஞ்சின் பூட்டிய விமானம் எழுந்தது இதுவே முதன்முறை என்று சென்னை வரலாறு எழுதுவோர் கூறுவர். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் என்று புகழப்படும் நிகழ்ச்சி, அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே கடிதங்களைச் சுமந்து பறந்தது, 1911 பிப்ரவரி 18ஆம் நாள்தான் நிகழ்ந்தது. அதற்குப் பதினொரு மாதம் முந்தியது நம் தீவுத்திடல் நிகழ்ச்சி.

இத்துணை முந்திய ஊர் விமானம் செய்யும் ஊராக வளரவில்லையே, ஏன்? இந்தியாவில் விமானத் தொழிற்சாலை என்று ஒன்று தோன்றியது 1940 டிசம்பரில். வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால், பெங்களூரில். பல்லாவரத்துக்கும் பெங்களூருக்கும் இடையே முப்பது ஆண்டுகள் சும்மா கிடந்தன. துணிவுக்குக் குறைவில்லை, கைத்திறனுக்கும் குறைவில்லை. பின் எது குறைந்தது? இக்கேள்விக்கு விடை தேடி நாம் நமக்குப் பழக்கமான அரபுக் கிதாபுகளுக்குத் திரும்பினோம்.

வால் மறந்த அறிஞர்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்தவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். கல்லிலிருந்து கண்ணாடி ஆக்கும் முறையைக் கண்டவர். காலங்காட்டும் கருவி செய்தவர். தம் வீட்டில் விண்மீனும் மேகமும் இடியும் தோன்றும்படி ஒரு வானத்தையே அமைத்துக் காட்டியவர் என்று போற்றப்படுபவர். ஹி. 274இல் (கி.பி. 887) காலமானார். அவர் உடலில் இறகுகளைப் போர்த்து, இரு சிறகுகளைப் பூட்டிக்கொண்டு, உயரத்திலிருந்து காற்றில் பாய்ந்து கணிசமான தொலைவு பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் அல்மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' என்னும் நூலில் குறித்துள்ளார். பறவை இறங்குகையில் வாலை ஊன்றி இறங்குகிறது. அவரோ வால் அமைத்துக்கொள்ள மறந்தார் என்று காரணமும் கூறியுள்ளார்.

இக்குறிப்பைப் படித்துப் பெருமைப்படுவோர் நம்மில் பலர். பெருமை தவறன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அல்மக்கரீ காலமானது கி.பி. 1632இல். இடையில் ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகள். அத்தனை காலத்தைக் கடந்து நமக்கு வந்து சேர்ந்தது ஒரு செய்தி மட்டுமே. சிறகின் நீளம் எத்தனை முழம், சட்டம் எம்மரம், துணி எது, அதைப் பூட்டியது எங்ஙனம் என்ற விவரம் எதுவும் அச்செய்தியில் இல்லை. பிழை என்னவென்று தெரிந்தும், அதைத் திருத்தி அடுத்த சிறகைச் செய்ய ஒருவருக்கும் வழியிருக்கவில்லை.

நைசாபூர் நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. அரபி ஓதும் மாணவர் எவரும் அறிந்த 'ஸிஹாஹ்' என்னும் அகராதியை இயற்றிய இமாம் ஜவ்ஹரீயைப் பற்றியது அது. சொல்லின் இறுதி எழுத்தை வைத்து வரிசைப்படுத்திய அப்பேரகராதி, அரபு மொழிக்கு அவர் அளித்த கொடை. கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நைசாபூர்ப் பள்ளிவாசலின் கூரைமேல் ஏறி, இரு கதவுப் பலகைகளை உடலோடு கயிற்றால் பிணைத்துக்கொண்டு பறக்க முனைந்து, கீழே விழுந்து உயிர் நீத்தார் என்று வரலாற்றாசிரியர் யாகூத் எழுதியுள்ளார். அகராதியோ ளாத் எழுத்து வரையில்தான் செம்மையாக எழுதப்பட்டிருந்தது. எஞ்சியது கரட்டுப் படியாகவே கிடந்தது. அவருடைய மாணாக்கர் இப்ராஹீம் அல்வர்ராக் அந்தப் படியைக் கொண்டு எஞ்சிய பகுதியை எழுதி முடித்தார். சில பிழைகள் நேர்ந்தன. எனினும் நூல் முழுமை பெற்றது. பின்வந்தோர் அப்பிழைகளையும் திருத்தினர்.

ஒரே மனிதரின் இரு முயற்சிகளை இங்கே பாருங்கள். எழுத்தில் விட்டுச் சென்றது ஆயிரமாண்டு வாழ்கிறது. எழுதி வைக்காத சிறகோ அவரோடு பள்ளிவாசல் முற்றத்திலேயே முடிந்துபோயிற்று.

இல்மும் அமலும் சேர்ந்த நூல்

இதற்கு மாறான நல்ல சான்றும் நம் மரபிலேயே உண்டு. ஆமித் என்று அன்று வழங்கிய தியார்பக்கிர் நகரில், அர்துக் மரபு அரசர்களிடம் பொறியாளராகப் பணியாற்றியவர் இஸ்மாயீல் அல்ஜஸரீ. ஹி. 602இல் (கி.பி. 1206) அவர் எழுதி முடித்த நூலின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும்: அறிவையும் பயன்தரும் செயலையும் ஒன்றுசேர்ப்பது. நீர்க் கடிகாரம், நீரிறைக்கும் பொறி, ஊற்று முதலிய ஐம்பது பொறிகளை அதில் விவரித்தார். படம் வரைந்து, உறுப்புக்கு உறுப்பு எழுத்தால் அடையாளமிட்டு, இன்ன அளவு, இன்ன உலோகம், முதலில் இது, அடுத்து இது என்று ஒரு தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதினார். பயன் என்னாயிற்று? 1976இல் லண்டனில் நடைபெற்ற இஸ்லாமிய உலக விழாவின்போது, அந்நூலைப் பார்த்தே அவருடைய பெரிய நீர்க் கடிகாரத்தை மீண்டும் செய்து ஓடவிட்டனர். எழுநூற்றெழுபது ஆண்டுக்கு முன் மறைந்தவரின் கை, இன்னொருவர் கைக்குப் பாடம் சொல்லிற்று.

ஆக, விடை கிடைத்துவிட்டது. பறத்தலின் வரலாறு வெறும் துணிச்சலின் வரலாறு அன்று. தாம் செய்ததை, தம் பிழையோடு சேர்த்து, அடுத்தவர் செய்யக்கூடிய வகையில் விட்டுச் சென்றோரின் வரலாறு அது. வரைபடம் என்பது ஓர் அமானிதம். அதைத் தன்னோடு புதைத்துக்கொள்பவன் எத்துணைப் பெரிய அறிஞனாயினும் அவன் அறிவு அவனோடு நின்றுவிடும்.

நம் கீழைக் கடற்கரையின் மரக்கலத் தச்சர்களையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். காகிதத்தில் ஒரு கோடும் இழுக்காமல், கண்ணளவையும் கையளவையும் கொண்டே கடல் தாண்டும் தோணிகளைக் கட்டியவர்கள் அவர்கள். மகன் கற்காத வீட்டில் அக்கலை தந்தையோடு மண்ணுக்குள் போயிற்று.

இலவசமாகக் கொடுத்த வரைபடம்

1903 டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தனர். 1906இல் காப்புரிமை பெற்றனர்; பிறர்மீது வழக்குகளும் தொடுத்தனர். உழைத்தவர் உரிமை கோருவது முறையே. ஆனால் பாரிஸில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சாண்டோஸ் டுமோன் வேறு வழியில் சென்றார். மூங்கிலும் பட்டும் கொண்டு செய்த 'தெமுவாசெல்' என்னும் தம் சிறுவிமானத்துக்கு அவர் உரிமை கோரவில்லை. விரும்பியவர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1910 ஜூன், ஜூலை மாதங்களில் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' என்னும் அமெரிக்க இதழ் அதன் வரைபடத்தை அச்சிட்டது. தீவுத்திடலில் நம்மவர் விமானத்தைப் பார்த்து மூன்றே மாதம் கழிந்திருந்தது. வீட்டில் விமானம் கட்டும் வழக்கத்துக்கு வித்திட்டவற்றுள் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெர்னார்ட் பீட்டன்போல் என்னும் கிராமத்துத் தொழிலாளி, ஃபோர்டு மோட்டார் வண்டியின் எஞ்சினையே பூட்டி ஒரு மரவிமானம் செய்தார். அதன் வரைபடம் 1932இல் அச்சாயிற்று; இன்றும் அதைப் பார்த்துக் கட்டுவோர் உளர். 1953இல் பால் போபரெஸ்னி என்பார் இத்தகையோரை ஒன்றுகூட்டி மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் கண்டார். கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பாதிக்கு மேற்பட்ட பகுதியைத் தம் கையாலேயே செய்தவர்க்கு, அந்நாட்டுச் சட்டம் தனி வகையில் பறக்க அனுமதி தருகிறது.

எனினும் அச்சிட்ட வரைபடமெல்லாம் நம்பத்தக்கது என்று எண்ணிவிடலாகாது. பிரான்சின் ஆன்ரி மின்யே 'வானத்துப் பேன்' என்று பொருள்படும் ஒரு சிறுவிமானத்தை வடிவமைத்து, எவரும் வீட்டில் செய்யலாம் என்று 1934இல் நூல் வெளியிட்டார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் மக்கள் ஆர்வத்தோடு கட்டத் தொடங்கினர். பின் விபத்துகள் தொடர்ந்தன, உயிர்கள் போயின. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, முன்னும் பின்னுமாக நெருங்கி அமைந்த இரு சிறகுகளும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று பாதிப்பது தெரிந்தது. மூக்குக் கீழ்நோக்கிக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்தால், விமானியால் அதை நிமிர்த்த இயலவில்லை. 1936இல் அதற்குத் தடை வந்தது. பின்னர் வடிவம் திருத்தப்பட்டது.

ஆகவே வரைபடம் அறிவைப் பரப்புவதுபோல் பிழையையும் வீடுதோறும் பரப்பும். ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், செய்தி தன்னளவில் பொருந்துகிறதா என்று ஆராயாமல் ஏற்பதில்லை நம் முன்னோர். வரைபடத்துக்கும் அந்த ஆராய்ச்சி வேண்டும். அமானிதத்தை வைத்தவருக்கு எத்துணைப் பொறுப்புண்டோ, ஏற்றவருக்கும் அத்துணைப் பொறுப்புண்டு.

குரோம்பேட்டையில் மூன்று நாள்

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். பல்லாவரத்துக்கு அடுத்த ரயில் நிலையம் குரோம்பேட்டை. 1949இல் சி. ராஜம் அங்கே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் அங்குச் சேர வந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்கு வீட்டில் பணமில்லை. அக்கா ஜொஹ்ரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். அந்தத் தம்பிதான் பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். கல்லூரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த இரு பழைய விமானங்களின் ஈர்ப்பே தம்மை விமானப் பொறியியல் பக்கம் திருப்பிற்று என்று அவர் எழுதியுள்ளார்.

அங்கே தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் தோழர்கள் சிலருக்கும் தரப்பட்டது. பணி மந்தமாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாதம் தவணை கேட்ட மாணவருக்கு மூன்றே நாள் தந்தார்; முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். இரவு உணவையும் விடுத்து வரைபலகையின் முன் நின்று அவர் முடித்துக் காட்டினார். படகுகட்டும் குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் கை வரைபலகைக்கு வந்த வரலாறு அது. மரக்கலத் தச்சரின் கண்ணளவை காகிதத்தில் இறங்கியிருந்தால் நாம் எதை எதைச் சாதித்திருப்போம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அண்மைக் காலத்தவரையும் கூறுவோம். மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் வீட்டு மொட்டைமாடியிலேயே ஆறுபேர் அமரும் விமானத்தைக் கட்டினார். பல ஆண்டுகள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி, 2017இல்தான் அதற்குப் பதிவு பெற்றார். கேரளத்து இடுக்கியைச் சேர்ந்த சஜி தாமஸ், செவியும் பேச்சும் வாய்க்கப் பெறாதவர், இலகு விமானம் ஒன்றைத் தம் கையால் செய்து, நம் நெல்லைச் சீமையின் மணிமுத்தாற்றில் பறந்து காட்டச் செய்தார். வசதியோ வாய்ப்போ மிகுந்ததால் இவர்கள் செய்யவில்லை.

ஒரகடத்துப் பிள்ளைகள்

இனி நம்மிடம் வந்த பிள்ளையின் வழக்குக்கு வருவோம். இந்தச் சீமை இருபத்தைந்து ஆண்டில் மாறிய மாற்றம் நம் கண்முன் நிகழ்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஏரிப்பாசன வயல்கள் இருந்த ஒரகடத்தில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் பிறக்கின்றன. வல்லம் வடகாலில் விமான உறுப்புத் தொழிலுக்கென்றே சிப்காட் பூங்கா அமைத்துள்ளது. நம் பிள்ளைகள் பலருக்கு இங்கே சோறு கிடைக்கிறது. அதற்கு நன்றி கூறுகிறோம்.

ஆனால் அவர்கள் கையில் இருப்பது வேலை. வரைபடம் வேறெங்கோ இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய பெரிய கைப்பேசித் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர் வெளியே வந்தனர். எத்தனையோ கோடிக் கைப்பேசிகள் அவர்கள் கைவழியே சென்றன. ஒரு கைப்பேசியை முழுமையாக அறிந்து வெளிவந்தவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது நம் மனம் கனக்கிறது. அவர்கள்மீது குறை சொல்லவில்லை. ஒரு திருகாணியைத் திருக மட்டுமே அவர்களுக்கு இடம் தரப்பட்டிருந்தது.

இந்தப் பிள்ளை தன் சம்பாத்தியத்தில் நகை வாங்கவில்லை, வண்டி வாங்கவில்லை. முழுமையான ஒரு பொருளின் வரைபடத்தை வாங்கினான். முதற்சட்டம் முதல் கடைசிக் கம்பி வரை தானே அறிந்து செய்ய விரும்பினான். அதைத் தடுக்க நமக்கு நாவெழவில்லை.

எனவே தவணை முடிந்து இருவரும் வந்தபோது நாம் நிபந்தனைகளோடு தீர்ப்புக் கூறினோம். தங்கையின் திருமணப் பணத்தில் ஒரு காசும் இதில் சேரலாகாது. அது அவளுடைய உரிமை. சிறகைத் துணியால் மூடுமுன் அறிந்தவர் ஒருவர் உள்ளே பார்த்துச் சரியென்று கையெழுத்திட வேண்டும். சிவில் விமானத் துறையின் அனுமதி வருமுன் சக்கரம் தரையை விட்டு எழலாகாது. அதற்குப் பத்தாண்டு ஆனாலும் சரியே. செய்ததையும் தவறியதையும் நாள் குறித்து எழுதி வைக்க வேண்டும். தந்தையை மரவேலைக்கு உஸ்தாதாக ஏற்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கேட்டுத் தந்தை சிரித்துவிட்டார். "எனக்கு என்ன தெரியும் ஹஜ்ரத்?" என்றார். வரைபடத்தில் ஓரிடத்தை மகன் காட்டினான். சிறகின் நெடுஞ்சட்டத்துக்கு மரம் நீளம் போதாவிடில், இரு துண்டுகளின் முனைகளையும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சீவி ஒட்டவேண்டும் என்றிருந்தது. தந்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இந்தச் சீவலுக்கு இவன் கை இன்னும் படியாது" என்றார். அவ்வளவே.

சில மாதம் கழித்து அவர்கள் பட்டறைக்குச் சென்றோம். பலகையில் சிறகின் விலாச் சட்டம் ஒன்று முழு அளவில் வரையப்பட்டு, அதன்மேல் மெல்லிய குச்சிகள் ஆணிக்கிடையே வளைத்து வைக்கப்பட்டிருந்தன. முதலில் செய்த விலாவைத் தந்தை கையாலேயே முறித்துச் சோதித்தாராம். நல்ல ஒட்டு என்றால் மரம்தான் கிழிய வேண்டும், பசை விடக்கூடாது. அதில் பசை விட்டுவிட்டது. முறிந்த விலாவைக் குப்பையில் எறியாமல் சுவரில் மாட்டியிருந்தான் மகன். அதன்மேல் தேதியும், 'பசை காயுமுன் பிடிகளை எடுத்தேன்' என்ற வாசகமும் எழுதியிருந்தன.

அதைக் கண்டதும் நமக்குக் குர்துபாவின் அறிஞர் நினைவு வந்தது. இந்தப் பிள்ளையின் விமானம் பறக்குமா, பறக்காதா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் அவனுக்குப் பின் வருபவன் அதே பிழையைச் செய்யவேண்டிய தேவை இராது.